கார் செட்டைக் காப்பது பொருத்தும் நாளிலேயே தொடங்குகிறது

கேள்வி: மதுரையில் வாடகை வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். கார் நிறுத்தத் தனி இடம் இல்லை, தெருவில்தான் நிற்கிறது. 2019 மாடல் மாருதி ஸ்விஃப்ட் எல்எக்ஸ்ஐ. அந்த மாடலில் கம்பெனியே பாட்டு செட் வைத்துத் தருவதில்லை என்பதால், போன ஆண்டு 14,000 ரூபாய்க்கு 9 அங்குல ஆண்ட்ராய்டு திரை ஒன்றும், டிக்கியில் ஒரு சப்வூஃபர் (கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர்) பெட்டியும் வைத்தோம். நான்கு நாட்களுக்கு முன்பு விடியற்காலையில் பார்த்தால், பின்கதவுக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. திரை இருந்த இடம் பொந்தாக இருந்தது. சப்வூஃபரைத் தொடவில்லை. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருக்கிறார்கள். புதிய செட் வாங்கலாமா? ஒரு அலாரம் வைத்தால் போதும் என்கிறார் ஃபிட்டர். இனி எதுவுமே வேண்டாம் என்கிறார் கணவர். தெரிந்தவர் ஒருவர் இதே போன்ற திரையைப் பாதி விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இன்சூரன்ஸில் கேட்கலாமா? எங்கள் நான்கு வயதுப் பெண் பின்சீட்டில்தான் உட்காருவாள். இப்போது காரில் ஏறவே பயப்படுகிறாள்.
— ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்கு அவசரம் இருக்கிறது. செட் போன பொந்துக்குள் கம்பிகள் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றில் மஞ்சள் நிறக் கம்பியில் சாவி போடாமலே எந்நேரமும் 12 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். செட்டின் நினைவு அழியாமல் இருப்பதற்காக பேட்டரியிலிருந்து வருகிற கம்பி அது. சிவப்புக் கம்பி சாவியைத் திருப்பினால்தான் உயிர் பெறும். கறுப்பு, எர்த். திருட வந்தவன் கம்பிகளைச் சேர்க்கும் கப்ளரை (பிளக்கை) அழுத்திக் கழற்றியிருந்தால் கவலையில்லை. அவசரத்தில் கம்பியை அறுத்திருந்தால், மஞ்சளின் செம்பு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கார் குலுங்கும்போது அது டாஷ்போர்டின் இரும்பில் உரசினால் ஃபியூஸ் போகும். முன்பு எப்போதாவது ஃபியூஸ் போனபோது யாராவது அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால், ஃபியூஸ் போகாது. கம்பி பழுத்துத் தீப்பிடிக்கும். அதனால் இன்று மாலையே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, அறுபட்ட ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டாக முறுக்கிச் சுற்றிவிடக் கூடாது. சப்வூஃபரின் ஆம்பிளிஃபயருக்கு பேட்டரியிலிருந்து தனியாக ஒரு தடித்த கம்பி போகும். அதில் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விகள்.

சப்வூஃபரை விட்டுவிட்டுத் திரையை மட்டும் ஏன் எடுத்தான் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். அவன் கணக்கில் இரண்டே கேள்விகள்தான்: கழற்ற எவ்வளவு நேரம், விற்க எவ்வளவு சுலபம். பெட்டி கனம், தெருவில் தூக்கிக்கொண்டு நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். திரை ஒரு பள்ளிக்கூட நோட்டு அளவுதான், சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விடலாம். அதோடு, இந்த ஆண்ட்ராய்டு திரைகள் எல்லாக் கார்களுக்கும் பொதுவானவை. உங்கள் ஸ்விஃப்டுக்கு என்று இருப்பது சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஃபிரேமும் கப்ளரும் மட்டுமே. ஃபிரேமை மாற்றினால் அதே திரை வேறொரு காரில் உட்கார்ந்துவிடும். கடையில் உங்களிடம் "கம்பி எதையும் வெட்டமாட்டோம், அப்படியே செருகினால் போதும்" என்று பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். நல்ல வசதிதான். ஆனால் செருகுவதற்கு எளிதாக இருப்பது பிடுங்குவதற்கும் எளிதாகத்தான் இருக்கும்.

இந்தக் கதை புதிதல்ல. அமெரிக்காவில் மோட்டோரோலா காருக்கான ரேடியோவைக் கொண்டுவந்தது 1930இல். ஜெர்மனியின் பிளாபங்க்ட் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது 1932இல். பிற்பாடு ஜெர்மானியத் தர அளவான டின் (DIN) வந்தது. செட்டின் முகம் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று உலகமே ஒரே அளவுக்கு மாறியது. எந்த செட்டும் எந்தக் காரிலும் பொருந்தும் என்ற நிலை வந்ததும், எந்தக் காரில் திருடியதையும் எவருக்கும் விற்கலாம் என்ற நிலையும் கூடவே வந்துவிட்டது. 1980களில் நியூயார்க்கில் மக்கள் காரின் கண்ணாடிக்குள் "ரேடியோ இல்லை" என்று அட்டை எழுதி வைக்கும் அளவுக்குப் போனது. அப்புறம்தான் கைப்பிடியோடு இழுத்து எடுக்கும் செட், முகப்பை மட்டும் கழற்றும் செட், பேட்டரியைக் கழற்றினால் ரகசிய எண் கேட்கும் செட் எல்லாம் வந்தன. பிறகு கம்பெனிகளே டாஷ்போர்டோடு சேர்த்து வார்த்ததுபோல் செட்டை வைக்கத் தொடங்கின. ஒரு காரின் செட் இன்னொரு காருக்கு உதவாது என்றானதும் திருடுவதில் லாபம் குறைந்தது. இப்போது பொதுத் திரைகள் வந்து, பழைய டின் காலத்தைத் திரும்ப அழைத்துவந்திருக்கின்றன.

நான் கோவையில் கார் செட் பொருத்தும் பட்டறை தொடங்கியபோது இழுத்து எடுக்கும் செட்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் தூக்குவாளியைப் பிடிப்பதுபோல செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தியில் உட்காருவார்கள். வாடிக்கையாளர் ஒருவர் அதை மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டு வந்து, மறுநாள் என்னிடம் கண்கலங்கினார். காரைவிட்டு வெளியே எடுத்துப் போகும் எந்தப் பாதுகாப்பும் ஒரு மாதத்துக்கு மேல் நிலைக்காது. மனிதருக்கு அலுத்துவிடும். அதனால்தான் உங்களுக்கு முகப்பு கழற்றும் செட்டை நான் சொல்லப்போவதில்லை.

பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன் என்றவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. சென்னைப் புதுப்பேட்டையிலும் ஒவ்வொரு ஊரின் பழைய உதிரிபாகக் கடைத்தெருவிலும் விபத்தில் சிக்கிய, கழிக்கப்பட்ட வண்டிகளின் பாகங்களை நேர்மையாக விற்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் நானும் பல ஆண்டுகளாக வாங்குகிறேன். அவர்கள் பில் தருவார்கள். எந்த வண்டியிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பெட்டியும் இல்லாமல், பில்லும் இல்லாமல், வரிசை எண் ஒட்டியிருந்த இடம் சுரண்டப்பட்டு, புத்தம் புதிதாக வருகிற திரை எங்கிருந்து வருகிறது? உங்களைப் போல் இன்னொரு தெருவில் ஒரு தாய் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அர்த்தம். அது உங்கள் திரையாகவே இருக்கவும் கூடும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 317ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டத்தை விடுங்கள். திருடனைத் தெருவுக்கு அனுப்புகிறவர் வாங்குகிறவர்தான். என் பட்டறைக்கு அப்படி ஒரு திரையைக் கொண்டுவந்து பொருத்தச் சொன்னால், கூலி எவ்வளவு கொடுத்தாலும் நான் தொடமாட்டேன். எங்கள் ஊர் ஃபிட்டர்கள் எல்லோரும் பில்லைக் காட்டினால்தான் பொருத்துவோம் என்று நின்றுவிட்டால் இந்தத் திருட்டில் பாதிக்கு மேல் ஓய்ந்துவிடும் என்பது என் திடமான நம்பிக்கை.

உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் புதிய செட்டை வைக்கவே சொல்வேன். ரிவர்ஸ் கேமராவும் வழிகாட்டும் வரைபடமும் அந்தத் திரையில்தான் இருந்திருக்கும்; குழந்தை விளையாடுகிற தெருவில் பின்னால் எடுக்கும்போது அந்தக் கேமரா வீண் ஆடம்பரம் அல்ல. ஆனால் உடனே வைக்க வேண்டாம். ஒரு முறை கை வைத்தவனுக்கு உங்கள் தெரு தெரியும், கார் நிற்கும் இடம் தெரியும், சில வாரங்களில் அதே பொந்தில் புதுத் திரை வரும் என்பதும் தெரியும். ஒரே காரில் இரண்டு மாதத்தில் இரண்டு முறை போனதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு மாதம் பொந்தை மூடி போட்டு மூடிவைத்திருங்கள். கைப்பேசியிலேயே பாட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

பொருத்துகிற நாளன்று நீங்களோ உங்கள் கணவரோ பக்கத்தில் நில்லுங்கள். நான் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். செட்டைக் காப்பதில் முக்கால் பங்கு வேலை டாஷ்போர்டுக்குப் பின்னால் நடக்க வேண்டியது. அதைச் செய்ய அரை மணி நேரம் கூடுதலாக ஆகும் என்பதற்காக எங்கள் தொழிலில் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

இதை நான் சொல்ல எனக்குத் தகுதி கிடைத்த விதத்தையும் மறைக்கக் கூடாது. தொழில் தொடங்கிய மூன்றாவது ஆண்டில் ஒரு மாருதி 800க்கு நல்ல செட் ஒன்று பொருத்தினேன். தீபாவளிக்கு முந்தைய வாரம். வாசலில் ஆறு வண்டிகள் காத்திருந்தன. செட் உட்காருகிற தகரக் கூட்டை டாஷ்போர்டுக்குள் செருகி, அதன் காதுகளை மடக்கி, செட்டைத் தள்ளிவிட்டேன். ஒன்பதாம் நாள் அந்த வாடிக்கையாளர் வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். கூடு நான் வைத்தபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை, காதுகள் ஒன்றுகூட நிமிரவில்லை. செட்டோடு பெட்டியில் வருகிற இரண்டு மெல்லிய தகட்டுச் சாவிகளை இருபக்கமும் செருகினால் பிடி விட்டுவிடும். செட் தானாக வழுக்கி வெளியே வரும். வந்தவன் கையில் அதே தகடுகள் இருந்திருக்கின்றன. அந்த செட்டின் பின்புறத்தில் ஒரு போல்ட் முளை இருந்தது. அதில் மாட்டுவதற்கென்று துளையிட்ட இரும்புப் பட்டையும் பெட்டியிலேயே கொடுத்திருந்தார்கள். நான் அதை மேசை டிராயரில் போட்டிருந்தேன். அன்று அந்தப் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பின்பட்டை இல்லாமல் ஒரு செட்டையும் என் வாசலைத் தாண்ட விட்டதில்லை.

உங்கள் ஃபிட்டரிடம் கேட்க வேண்டியதும் அதுதான். டாஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்காக, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஓர் இரும்புக் குழாய் போகும். ஸ்டீயரிங் தண்டைத் தாங்குவதும் அதுதான். புதுத் திரையின் பின்பெட்டியிலிருந்து ஓர் இரும்புப் பட்டை புறப்பட்டு, அந்தக் குழாயோடு சேர்ந்த ஏதாவது ஒரு பிராக்கெட்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட வேண்டும். பெட்டியின் பின்னால் போல்ட் துளை இல்லாத மாடல்களில் பக்கவாட்டுத் துளைகளிலிருந்து பட்டையைக் கொண்டுபோகலாம். குழாயில் புதிதாகத் துளை போடக் கூடாது. பட்டையின் விளிம்பு எந்தக் கம்பி மீதும் உரசாதபடி அதன் மேல் ரப்பர் சுற்றச் சொல்லுங்கள். ஏர்பேக் கம்பிகள் மஞ்சள் உறையோடும் மஞ்சள் கப்ளரோடும் வரும். அந்தப் பக்கம் கையே போகக் கூடாது.

திரையின் இரு பக்கமும் மாட்டுவதற்கு இரும்புத் தகடுகள் வரும். ஃபிரேமின் பிளாஸ்டிக் கிளிப்புகளே பிடித்துக்கொள்கின்றன என்று அவற்றைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அவற்றை மாட்டி, நான்கு திருகுகளும் போட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற திருகுகள் கூட்டல்குறி போன்ற சாதாரணத் தலையாக இல்லாமல், நட்சத்திரக் குழிக்கு நடுவில் ஒரு முளை இருக்கும் டார்க்ஸ் வகையாக இருக்கட்டும். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அதில் இறங்காது. ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்தான். அதற்கான பிட்டைக் காரின் குளோவ் பாக்ஸில் போட்டு வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள். பல பேர் பூட்டின் பக்கத்திலேயே சாவியைத் தொங்கவிடுவதுபோல இதைச் செய்கிறார்கள்.

இத்தனையும் செய்தால் திருடவே முடியாதா என்றால், முடியும். கடப்பாரை போட்டு நெம்பினால் எதுவும் வரும். ஆனால் ஒன்றரை நிமிட வேலை பத்து நிமிடமாகும்; சத்தம் கேட்கும்; பிடுங்கும்போது திரை விரிசல் விடும். விரிசல் விட்ட திரையை யாரும் வாங்கமாட்டார்கள். பிளாஸ்டிக் நெம்புகோலை ஒரு முறை செருகிப் பார்த்து, அசையவில்லை என்றதும் விட்டுவிட்டுப் போன கார்கள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. ஃபிரேமின் ஓரத்தில் ஒரு பல் தடம் மட்டும் இருக்கும்.

செட்டை உள்ளே தள்ளுவதற்கு முன் இன்னும் இரண்டு வேலை. வரிசை எண் ஒட்டிய தாள் பின்பெட்டியில்தான் இருக்கும். பொருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, பில்லின் படத்தோடு சேர்த்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, கூர் முனைப் பேனா போன்ற செதுக்கியால் உங்கள் வண்டி எண்ணைப் பின்பெட்டியின் தகட்டில் இரண்டு இடங்களில் கீறச் சொல்லுங்கள். தாளைக் கிழித்துவிடலாம், தகட்டில் கீறியதை அழித்தால் அழித்த இடமே காட்டிக்கொடுக்கும். இப்போது போன செட்டின் எண் உங்களிடம் இருக்காது என்று நினைக்கிறேன். அது வந்த அட்டைப்பெட்டி பரண்மேல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பல பெட்டிகளின் பக்கவாட்டில் அதே எண்ணை ஒட்டியிருப்பார்கள்.

அலாரம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மட்டும் போதும் என்பது தவறு. உங்கள் காரில் நடந்ததையே பாருங்கள். அவன் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்திருக்கிறான். கதவு திறந்தால் மட்டும் கத்துகிற அலாரம் இந்தத் திருட்டு முடியும் வரை மௌனமாகவே இருந்திருக்கும். அதிர்வை உணரும் சென்சார் இருக்கிற அலாரமாகக் கேளுங்கள். அந்த சென்சாரைப் பிளாஸ்டிக் மேல் பசை டேப்பால் ஒட்டினால் பாதி அதிர்வு அதை எட்டாது. காரின் இரும்புப் பாகத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். உணர்திறனைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு சிறு திருகு இருக்கும். முதல் வாரத்தில் அதைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். லாரி போனாலும் பூனை ஏறினாலும் கத்துகிற அலாரத்தை அக்கம்பக்கத்தார் இரண்டே நாளில் காதில் வாங்காமல் விட்டுவிடுவார்கள். பிறகு உண்மையில் கத்தும்போதும் ஒருவரும் ஜன்னலைத் திறக்கமாட்டார்கள். தீபாவளி வாரத்தில் குறைத்துவிட்டு, பிறகு மறக்காமல் கூட்டுங்கள்.

அலாரத்தைவிட உங்களுக்கு நான் அதிகம் சிபாரிசு செய்வது காரின் மேல் போர்த்துகிற முழு உறையை. வயிற்றுக்குக் கீழே பட்டையும் கொக்கியும் இருக்கிற உறையாக வாங்குங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நடந்து போகிறவனுக்குத் தெரியாது. அதைக் கழற்றுவதற்கு அவன் குனிய வேண்டும், சலசலப்பு கேட்கும். போர்த்த அலுப்பாக இருக்கிற இரவில் திரைமேல் ஒரு கறுப்புத் துணியாவது போடுங்கள். சார்ஜர் வயரையும் கைப்பேசி மாட்டும் தாங்கியையும் எடுத்துவிடுங்கள். தாங்கி ஒட்டிய வட்டத் தடம் கூட உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொல்லும். தெருவிளக்கின் கீழே, முடிந்தால் எதிர்வீட்டுக் கேமராவின் பார்வையில் நிறுத்துங்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்டி மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. வழியில் நிறுத்தி அபராதம் போடுவார்கள்.

சப்வூஃபர் தப்பியதை நம்பி அப்படியே விடாதீர்கள். டிக்கியில் ஏற்கெனவே இருக்கும் போல்ட்டில் எல் வடிவத் தகடு வைத்துப் பெட்டியை முறுக்கிவிடலாம். வேகத்தில் பிரேக் போட்டால் அந்தப் பெட்டி முன்னால் பாய்ந்து வரும். குழந்தை பின்சீட்டில் இருப்பதால் திருட்டைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை. தரையில் புதிதாகத் துளை போடுவது அவசியமானால், அடியில் என்ன இருக்கிறது என்று படுத்துப் பார்த்த பிறகே டிரில்லைத் தொட வேண்டும். பின்சீட்டின் அடிப்பகுதியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. அந்த இடத்தில் எந்தக் காரணத்துக்காகவும் துளை வேண்டாம்.

போன திரையில் உங்கள் கூகுள் கணக்கு திறந்தே இருந்திருக்கும். பெரும்பாலோர் இதை யோசிப்பதே இல்லை. கைப்பேசியிலேயே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், எந்தெந்தச் சாதனங்களில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலில் அந்தத் திரையைக் கண்டுபிடித்து வெளியேற்றுங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வரைபடத்தில் "வீடு" என்று உங்கள் முகவரி இருந்திருக்கும், தொலைபேசி எண்கள் இருந்திருக்கும். வீட்டின் மாற்றுச் சாவி எதையாவது காரில் வைத்திருந்து அதுவும் காணாமல் போயிருந்தால் வீட்டுப் பூட்டை இன்றே மாற்றிவிடுங்கள். புதுத் திரைக்கு, அதற்கென்றே தனியாக ஒரு கூகுள் கணக்கு தொடங்குங்கள். திறக்கும்போது எண் கேட்கும்படி பூட்டு போடுவதும் நல்லது. அது உங்கள் விவரங்களைக் காக்கும். ஆனால் திரையைத் திருடனுக்குப் பயனற்றதாக்கும் என்று எண்ணாதீர்கள். பல மாடல்களில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிவிட முடியும்.

காவல் நிலைய விஷயத்துக்கு வருகிறேன். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் புகார் பதிவேட்டில் ஏறியதற்கான ரசீது. முதல் தகவல் அறிக்கை அல்ல. இன்சூரன்ஸுக்குப் போவதாக இருந்தால் எஃப்.ஐ.ஆர். நகலையே கேட்பார்கள். 2024 ஜூலை 1 முதல் திருட்டு பாரதிய நியாய சம்ஹிதாவின் 303ஆவது பிரிவில் வருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379 போய்விட்டது. பில்லோடும், கிடைத்தால் வரிசை எண்ணோடும் போய்ப் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். அதற்கு முன்பே, இன்றைக்கே, அக்கம்பக்கத்துக் கேமரா வைத்திருக்கிறவர்களிடம் அந்த இரவின் பதிவைப் பென் டிரைவில் வாங்கிவிடுங்கள். பல வீடுகளில் ஒரு வாரத்திலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஏற்கெனவே நான்கு நாட்கள் போய்விட்டன.

இன்சூரன்ஸில் இரண்டு பொருள்களைத் தனித்தனியாகப் பாருங்கள். உங்கள் திரை கம்பெனியில் வந்ததல்ல. பாலிசியில் மின் துணைப்பொருள் என்று மதிப்பு எழுதி, அதற்குத் தனிப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் திரைக்குப் பணம் கிடைக்கும். அந்தக் கூடுதல் பிரீமியம் பொதுவாக மதிப்பில் 4 சதவீதம்; 14,000 ரூபாய்க்கு 560 ரூபாயும் வரியும்தான். பெரும்பாலோர் இதைக் கட்டுவதில்லை, ஏஜெண்டும் சொல்வதில்லை. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கண்ணாடிக்கும் கிடைக்காது. முழு பாலிசி என்றால் கண்ணாடிக்குக் கிடைக்கும், கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவும் இல்லை. ஆனால் 1,500 சி.சி.க்கு உட்பட்ட உங்கள் காருக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்துதான்.

கேட்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். நான்கு ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் உங்களுக்கு 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் தள்ளுபடி, இருக்கும். ஒரு முறை கேட்டால் அது சுழியாகிவிடும்; மறுபடி 20, 25, 35 என்று ஏறிவர ஆண்டுகள் ஆகும். எடுத்துக்காட்டாக, உங்கள் வண்டிக்கே வரும் சேதத்துக்கான பிரீமியம் 5,000 ரூபாய் என்றால், அடுத்த புதுப்பிப்பில் மட்டும் 2,250 ரூபாய் இழப்பு. கண்ணாடி மாற்ற 2,500 ஆகிறது என்றால், அவர்கள் தருவது 1,500. கைக்காசில் மாற்றிவிடுவதே லாபம். போனஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் அம்சம் எடுத்திருந்தால், அல்லது திரையின் மதிப்பும் பாலிசியில் இருந்தால், கணக்கு மாறும். பாலிசித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். புதுத் திரை பொருத்திய மறுநாளே அதன் பில்லைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கக் கண்ணாடி டெம்பர் செய்தது. கல்கண்டு போல ஆயிரம் சிறு கட்டிகளாக உதிரும். முன் கண்ணாடியைப் போல நடுவே தாள் வைத்து ஒட்டியது அல்ல. மேலே கிடந்ததைப் பெருக்கிவிட்டீர்கள்; உள்ளே விழுந்தது அப்படியே இருக்கும். புதுக் கண்ணாடி போடுவதற்குக் கதவின் உள்பலகையைக் கழற்றும்போது, கதவின் அடிவயிற்றில் சேர்ந்திருப்பதை முழுவதும் வழிக்கச் சொல்லுங்கள். விட்டால் மழைநீர் வடியும் துளைகள் அடைபட்டு, கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கண்ணாடி ஏறி இறங்கும்போது கரகரவென்று சத்தமும் கீறலும் வரும். பின்சீட்டின் அடிமெத்தையை முழுதாகத் தூக்கிவிட்டு வாக்குவம் போட வேண்டும். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அதன் நெசவில் சிக்கியிருப்பதைத் தட்டிவிடுங்கள். பெல்ட் கொக்கி செருகுகிற பூட்டுக்குள்ளும் ஒரு துண்டு விழுந்திருந்தால், கொக்கி மாட்டியதுபோல் தெரியும், பிடித்திருக்காது. டார்ச் அடித்து ஒவ்வொரு பூட்டின் வாயையும் பாருங்கள். பாப்பா உட்காரும் பக்கத்தை முதலில் பாருங்கள். பார்க்கும்போது அவளையும் கூடவே நிறுத்திக்கொண்டு, டார்ச்சை அவள் கையில் கொடுங்கள்.